கோழிக்கூட்டுக்குத் தார்ப்பாய் கட்டச் சொன்னவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் விவசாயப் பக்கத்தில் பனிக்காலத்தில் வீட்டுக் கோழிகளைப் பராமரிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கூட்டின் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டிக் காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும், குளிர் அதிகம் என்றால் ராத்திரி உள்ளே ஒரு கரியடுப்பும் வைக்கலாம் என்று அதில் இருந்தது. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் இதே யோசனையை இன்னொரு இடத்தில் படித்துவிட்டு, நாங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி ஆணியடித்தோம். பத்து நாளில் நான்கு கோழி போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், வெட்டிப் போடுவதென்றால் கரியடுப்பு பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் பிறந்தது ராசிபுரம் பக்கம். நாமக்கல் மாவட்டத்துக்காரிக்குக் கோழியைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும் என்ற திமிரோடுதான் கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தேன். முட்டைக்கு விலை சொல்லும் ஊர் எங்களுடையது, அங்கே பெரிய பண்ணை ஒன்றில் இருக்கிற கோழிகளை இங்கே கொண்டுவந்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாலும் மிச்சமிருக்கும். வீட்டிலும் அப்பா நாட்டுக்கோழி வைத்திருந்தார், சாயங்காலமானால் கொடாப்பைப் போட்டுக் கவிழ்ப்பது என் வேலை (மற்ற ஊர்களில் பஞ்சாரம் என்பார்கள்). அங்கே கோழிக்குப் பகை வெயில். சித்திரை வைகாசியில் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும், கூரைமேல் தென்னை ஓலை போட்டுத் தண்ணீர் தெளிப்போம். குளிரில் கோழியை எப்படிப் பார்ப்பது என்று யோசிக்கவேண்டிய தேவை என் பிறந்த வீட்டில் யாருக்கும் வந்ததே இல்லை.

இப்போது இருப்பது கேத்தி பாலாடா. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே, கேரட்டும் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற பள்ளத்தாக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மழை, அது ஓய்ந்ததும் முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி, மாசி வரைக்கும் இதுதான். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் கீழ்த்தோட்டம் உப்புக் கொட்டிய மாதிரி வெள்ளையாக இருக்கும். வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடப் பார்ப்போம், விட்டால் செடி கருகிவிடும். பனியில் கருகுவது என்றால் சமவெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது, தீயில் வாட்டிய கீரை எப்படி இருக்கும், அப்படி.

முதல் கூட்டை நாங்கள் கட்டியதே தப்பான இடத்தில். வீட்டுக்காரர் லாரியில் கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போய்வருகிறவர், வீட்டிலிருப்பது அபூர்வம், இருந்த இரண்டு நாளில் எங்கே சமமான இடம் கிடைத்ததோ அங்கே கட்டிவிட்டார். அது ஓடையை ஒட்டிய கடைசிப் படி. மலையில் ராத்திரி குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கி வந்து பள்ளத்தில் தேங்கும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. பெரியவன் பள்ளிக்கூடத்து அறிவியல் வேலைக்கு வாங்கிய ஒரு வெப்பமானி இருந்தது, அதை ஒரு நாள் காலை ஐந்தரைக்கு ஓடைப் பக்கத்துக் கூட்டிலும், அடுத்த நாள் அதே நேரத்துக்குச் சமையலறைச் சுவரோரத்திலும் வைத்துப் பார்த்தான். கீழே 1 டிகிரி, மேலே 5. நடுவில் இருப்பது ஆறு படி உயரமும் எங்கள் அடுப்புச் சுவரும்தான். இரண்டு நாளும் ஒரே மாதிரிக் குளிரா என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன், மறுபடியும் மாற்றி வைத்துப் பார்த்தான், கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

தார்ப்பாய் கதைக்கு வருகிறேன். கட்டி முடித்த முதல் ராத்திரி எனக்கு நிம்மதியாக இருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது, பார்த்தீர்களா எவ்வளவு கதகதப்பு என்று அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். அத்தை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தார்ப்பாயின் உட்பக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். தண்ணீர் சொட்டியது.

"கோழிக்குக் குளிரு ஒண்ணும் பண்ணாது கண்ணு, அதுதான் போர்வையோட பொறந்திருக்குதே. இப்படி நனைச்சு வெச்சீன்னா எது தாங்கும்?"

நான் கேட்கவில்லை. அச்சில் வந்ததை நம்புவதா, மாமியார் சொல்வதை நம்புவதா என்றால் அந்த வயதில் அச்சில் வந்ததுதான் ஜெயிக்கும். நாலாம் நாள் இரண்டு கோழி கண்ணோரம் நுரை தள்ளி, மூக்கடைத்து, கர் கர் என்று மூச்சு விட்டது. ஆறாம் நாள் தரையில் போட்டிருந்த மரத்தூள் கையில் பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு ஊறியிருந்தது. பத்தாம் நாளுக்குள் நான்கு செத்துவிட்டன. அதில் ஒன்று சின்னவள் பெயர் வைத்து வளர்த்தது, அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் கால்நடை மருந்தகத்துக்குப் போனபோது அங்கிருந்த டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். ஒரு கோழி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 மில்லி தண்ணீர் குடிக்கும். பன்னிரண்டு, பதிமூன்று கோழி என்றால் இரண்டரை லிட்டர். முட்டையில் போகிற கொஞ்சத்தைக் கழித்தால் மற்றதெல்லாம் எச்சத்திலும் மூச்சிலும்தான் வெளியே வரும், அதில் கணிசமான பங்கு ராத்திரி பன்னிரண்டு மணி நேரமும் அந்தப் பெட்டிக்குள்தான். போகிறதற்கு வழியில்லாமல் அடைத்தால் சுவரில் வேர்க்கும், தரையில் இறங்கும், ஈரமான எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும், அது கண்ணையும் மூச்சுக் குழாயையும் புண்ணாக்கும், புண்ணான இடத்தில் சளி நோய் உட்காரும். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி, நம்மைவிட நாலு டிகிரி கூட. இறகை உப்பிக்கொண்டு உள்ளே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் கம்பளி. அந்தக் கம்பளி ஈரமானால் ஒட்டிக்கொள்ளும், பிடித்து வைத்த காற்று போய்விடும், அப்புறம் குளிர் நேராகத் தோலில். ஆகமொத்தம், குளிருக்குப் பயந்து கட்டிய தார்ப்பாய்தான் கோழிகளுக்குக் குளிரைக் கொண்டுவந்தது. அத்தை முதல் நாளே ஒரு வரியில் சொன்னதை டாக்டர் அம்மா அரைமணி நேரம் சொன்னார், எனக்கு இரண்டும் தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கரியடுப்பு. குளிருக்காக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கரி போட்டுவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போன செய்தியை ஊட்டி, கொடைக்கானல் பக்கத்தில் இருக்கும் நாங்கள் அடிக்கடி படிக்கிறோம். கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, கண் எரியாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். மனிதனுக்கே இந்தக் கதி என்றால், தார்ப்பாய் மூடிய ஆறடிப் பெட்டிக்குள் இருக்கும் கோழி எத்தனை நேரம் தாங்கும்? இறகும் மரத்தூளும் இருக்கிற இடத்தில் தீப்பொறி வேறு. இந்த ஒரு வரிக்காவது நீங்கள் திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, மூடாமல் எப்படி? எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். கூட்டை மேலே கொண்டுவந்து சமையலறைச் சுவரை ஒட்டி வைத்துவிட்டோம். பக்கவாட்டில் மூன்று புறம் பலகை, கோழி உட்கார்ந்திருக்கும் உயரத்தில் காற்று நேராக அடிக்கக் கூடாது, அது முக்கியம். ஆனால் கூரைக்குக் கீழே, கோழியின் தலைக்கு நல்ல உயரத்தில், இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்கு இடைவெளி, அதில் அரை அங்குலக் கம்பி வலை. ஈரக்காற்று அந்த வழியாக மேலேயே போய்விடும். எவ்வளவு குளிரானாலும் அதை அடைப்பதில்லை, மழைச் சாரல் அடித்தால் தடுக்க வெளியே ஒரு தகரம் சாய்த்திருக்கிறோம், அவ்வளவுதான். சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. காலையில் கூட்டைத் திறந்ததும் குனிந்து கோழி உயரத்தில் மூக்கை வைத்து மூச்சை இழுத்துப் பாருங்கள். சுருக்கென்று ஏறினால் காற்று போதாது. நின்றுகொண்டு மோந்து பார்த்தால் தெரியாது, கோழி நிற்கிற இடத்துக்கு நாம் போக வேண்டும்.

தரைக்கு முன்பு மரத்தூள் போட்டோம், அது மாவு மாதிரி தூசி கிளப்பும், ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது தச்சுப் பட்டறையில் கிடைக்கும் இழைப்புச் சுருளும், தேயிலைத் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் சில்வர் ஓக் சருகும்தான். அரை அடி கனத்துக்குப் போட்டு, இரண்டு நாளைக்கு ஒரு முறை கிளறி, நனைந்த இடத்தை மட்டும் வாரிவிட்டு மேலே புதிதாகப் போடுவோம். பனிக்காலம் முடியும்வரை முழுதாக வாருவதில்லை. அடியில் மெதுவாக மக்கும்போது கொஞ்சம் சூடும் வரும். பங்குனியில் ஒரே அடியாக வாரிக் கேரட் பாத்திக்குப் போடுவோம், உடனே போடக் கூடாது, இரண்டு மாதமாவது குவித்து வைத்து மக்கவிட வேண்டும், இல்லாவிட்டால் செடி வெந்துவிடும்.

உட்காருகிற கட்டை பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஊரில் மூங்கிலோ உருண்டைக் கம்போ கட்டுவோம், அங்கே அது போதும். இங்கே மூன்று நான்கு அங்குல அகலத்துக்குப் பட்டையான ரீப்பர். அகலமான கட்டையில் உட்கார்ந்தால் கோழி விரலை மடக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, பாதத்தைப் பரப்பி வைத்து அதன்மேல் வயிற்றை இறக்கிக்கொள்ளும், இறகில்லாத விரலுக்கு அதுவே போர்வை. சின்ன மாற்றம்தான், ஆனால் காலையில் கோழி இறங்கி நடக்கிற நடையிலேயே வித்தியாசம் தெரிந்தது.

தீனியில் ஒன்றுதான் மாற்றினோம். சாயங்காலம் அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உடைத்த மக்காச்சோளம் ஒரு கைப்பிடி கூடுதலாக. கழுத்துப் பையில் தானியம் நிறைந்திருந்தால் ராத்திரி முழுக்க மெதுவாகச் செரித்துக்கொண்டே இருக்கும், அந்த வேலையில் உடம்பு சூடாகும். காலையில் கொடுத்தால் இந்தப் பலன் கிடையாது. தண்ணீர்த் தட்டில் மேலே கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருக்கும், அதை உடைத்துக் கொட்டிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுவது சின்னவள் வேலை. தண்ணீர் குடிக்காத கோழி தீனியும் தின்னாது, முட்டையும் இடாது, முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தானே. கேரட் கழுவுகிற இடத்தில் உடைந்த கேரட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், ஆசையாகத் தின்னும். அதனால் மஞ்சள் கரு செக்கச் செவேல் என்று ஆகும் என்று நான் எதிர்பார்த்தேன், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, நிறம் கொடுப்பது கீரையும் மக்காச்சோளமும்தான். பச்சை ஏறிய உருளைக்கிழங்குத் தோலை மட்டும் போட்டுவிடாதீர்கள், விஷம்.

முட்டைக் கணக்கைப் பெரியவன் ஒரு பழைய நோட்டில் எழுதி வைக்கிறான். முதல் வருடம் ஐப்பசியில் பதிமூன்று கோழிக்கு ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. தார்ப்பாய் கட்டிய வாரத்தில் ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. செத்தது போக மீதியும் இடவில்லை. அடுத்த மார்கழி, தார்ப்பாய் இல்லாமல், பதினொரு கோழிக்கு நான்கு அல்லது ஐந்து. பாதிக்கு மேல் இளங்கோழிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், முதல் பருவத்துக் கோழி பனிக்காலத்திலும் ஓரளவு இடும், வயதானது இறகு உதிர்த்துவிட்டு இரண்டு மாதம் சும்மா நிற்கும். இறகு முழுக்கப் புரதம், அதை முளைக்க வைக்கிற சமயத்தில் முட்டைக்கு எங்கே போகும்? முதல் தடவை உதிர்ந்தபோது நோய் என்று நினைத்து என்னென்னவோ மருந்து கொடுத்தேன். மேட்டுப்பாளையம் சந்தையிலிருந்து கருவாட்டுத் தூள் வாங்கிவந்து கொஞ்சம் கலந்து கொடுத்தால் போதும் என்று பிற்பாடு தெரிந்தது.

வெளிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. கோழி நன்றாக முட்டையிட 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும், அதனால் குளிர்காலத்தில் கூட்டில் பல்பு போடுங்கள் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்கள். கனடாவிலும் இங்கிலாந்திலும் மார்கழிப் பகல் எட்டு, ஒன்பது மணி நேரத்தில் முடிந்துவிடும், அவர்களுக்கு அது சரி. நமக்கு ஆண்டிலேயே சின்னப் பகல்கூட ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். கோடைக்கும் குளிருக்கும் நடுவில் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம், அதற்காகக் கோழி முட்டையை அடியோடு நிறுத்தாது. ஆனால் எங்கள் தார்ப்பாய்க் கூட்டில் என்ன நடந்தது என்றால், நீலத் தார்ப்பாய்க்குள் காலை ஒன்பது மணிக்கும் இருட்டு. மூடுபனி நாள், நானும் குளிருக்குச் சோம்பல்பட்டு எட்டரைக்குத்தான் கதவைத் திறப்பேன், சாயங்காலம் ஐந்துக்கே சாத்திவிடுவேன். கணக்குப் போட்டால் கோழிகளுக்குக் கனடாப் பகலை நானே செய்து கொடுத்திருக்கிறேன்! இப்போது ஆறரைக்குக் கதவு திறந்துவிடும், வெளியே போவதும் போகாததும் அதன் விருப்பம். பெரும்பாலும் வாசலில் நின்று பனியைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிடும், வெயில் வந்ததும் சுவரோரம் வரிசையாக நின்று இறக்கையை விரித்துக்கொள்ளும்.

இதையெல்லாம்விட முக்கியமாகச் சொல்ல வந்தது குஞ்சு விஷயம். தார்ப்பாய்க்கு முன்பே, இங்கே வந்த முதல் கார்த்திகையில், வேனில் விற்றுக்கொண்டு வந்த ஒருவரிடம் இருபது குஞ்சு வாங்கினோம். நான்கு வாரக் குஞ்சு, இனி பயமில்லை, தானாக வளர்ந்துவிடும் என்றார். ராசிபுரத்தில் என்றால் அது உண்மை. நான்கு வாரத்தில் இறக்கையில் இறகு வந்திருக்கும், உடம்பில் பாதி இன்னும் பஞ்சுதான், அதற்கு 25 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும். ராசிபுரத்தில் ராத்திரி 18 டிகிரிக்கு இறங்கினாலே ஊர் முழுக்கத் தலையில் துண்டு கட்டிக்கொள்ளும், அங்கே ஒரு அட்டைப் பெட்டியும் ஒரு குண்டு பல்பும் போதும். இங்கே அன்றைக்கு 6 டிகிரி. குண்டு பல்பு கடை கடையாகத் தேடி ஒன்று கிடைத்தது (எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது, இது தெரியாமல் அதைக் கட்டித் தொங்கவிட்டவர்களும் இருக்கிறார்கள்). மூன்றாம் ராத்திரி எங்கேயோ கற்பூர மரம் கம்பியில் சாய்ந்து கரண்ட் போனது, காலை பத்து மணிக்குத்தான் வந்தது. சூட்டுக்காக எல்லாக் குஞ்சும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது, அடியில் இருந்தவை நசுங்கிச் செத்துக் கிடந்தன. ஒன்பது நாளில் இருபதில் ஏழுதான் மிஞ்சியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் குஞ்சு என்ற பேச்சே கிடையாது. தை கடைசியில் ஒரு நாட்டுக்கோழியை அடை வைப்போம், 21 நாள், மாசி பாதிக்கு மேல் குஞ்சு வெளியே வரும், அதற்குள் உறைபனி அநேகமாக ஓய்ந்திருக்கும், பகலில் நல்ல வெயில். ஆனி மழை வருவதற்குள் மூன்று மாதக் குஞ்சாகிவிடும், தாங்கிக்கொள்ளும். கரண்டும் வேண்டாம், பல்பும் வேண்டாம், தாய்க்கோழியின் இறக்கைக்குக் கீழே இருக்கும் சூட்டை எந்தப் பெட்டியும் கொடுத்து நான் பார்க்கவில்லை. நாட்டுக்கோழி வருடத்துக்கு 60, 80 முட்டைக்குமேல் இடாது, கிராமப்ரியா மாதிரி இனங்கள் இரண்டு மடங்கு இடும், அதனால் எங்களிடம் இரண்டும் கலந்துதான் இருக்கிறது. ஆனால் கிராமப்ரியா அடையில் உட்காருவதில்லை, குஞ்சு பொரிக்க நாட்டுக்கோழிதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெண்களுக்குப் பாதி மானியத்தில் நாற்பது நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கும் அரசுத் திட்டத்திலும் கொடுப்பது நான்கு வாரக் குஞ்சுதான். நல்ல திட்டம், என் பிறந்த ஊரில் அதை வைத்து நிமிர்ந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஒன்றியங்களுக்கும், கொடைக்கானல், ஏற்காடு மாதிரி இடங்களுக்கும் குஞ்சு கொடுக்கும் மாதத்தைப் பங்குனி சித்திரை என்று வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றால் எட்டு வாரம் வளர்த்துக் கொடுக்கலாம். எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை. நாற்பது குஞ்சு வாங்கிப் பத்து பிழைப்பதைவிட இருபது வாங்கிப் பதினெட்டு பிழைத்தால் அந்தப் பெண் அடுத்த வருடமும் கோழி வளர்ப்பாள். உங்கள் பத்திரிகையில் வந்தால் கவனிக்க வேண்டியவர்கள் கவனிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

விவசாயப் பக்கத்தில் வரும் வேறு சில யோசனைகளும் இதே ரகம்தான். அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியை வளர்த்துப் போடுங்கள், தீவனச் செலவு குறையும் என்பார்கள். தொட்டி கட்டி விட்டோம், புரட்டாசியில் பச்சையாக இருந்தது கார்த்திகையில் செங்கல் நிறத்துக்கு மாறி அப்படியே நின்றுவிட்டது, குளிரில் அது வளராதாம். பானையில் சாணியும் கோணியும் போட்டுக் கவிழ்த்தால் கரையான் வரும், குஞ்சுகளுக்குக் கொடுங்கள் என்பார்கள். கவிழ்த்தோம். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் இரண்டு மண்புழு குளிரில் சுருண்டு கிடந்தன. பனிக்குக் கோழிக் கொண்டையில் தேங்காயெண்ணெய் தடவலாம் என்று ஒருவர், எங்கள் வீட்டில் கார்த்திகையில் உறையும் எண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைத்தால்தான் எங்கள் தலைக்கே கிடைக்கும்.

சிறுத்தை, கரடி, மரநாய் தொல்லையும் சமவெளிக்காரர்கள் எழுதுவதில் இருக்காது. தீவன மூட்டையைக் கூட்டுக்குள் வைத்தால் வாசனைக்குக் கரடி வந்து பலகையைப் பெயர்த்துவிடும், வீட்டுக்குள் வையுங்கள். பக்கத்து வரிசையில் ஒரு வீட்டில் அப்படித்தான் ஆனது. இது தனியாக ஒரு கடிதத்துக்கு உள்ள விஷயம்.

எல்லா ஊருக்கும் பொருந்துகிற ஒன்று வேண்டுமானால் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. பிப்ரவரி முதல் இரண்டு வாரம் கால்நடைத் துறை இலவசமாகப் போடுகிறது, மலையென்றும் சமவெளியென்றும் அந்த நோய் பார்ப்பதில்லை. அதற்கு ராணிக்கெட் என்று இன்னொரு பெயர் இருக்கிறதே, அது இமயமலைப் பக்கத்து ஒரு குளிர் ஊரின் பெயர், நம் நாட்டில் முதலில் அங்கே கண்டதால் அப்படி ஆயிற்றாம். டாக்டர் அம்மா சொன்னதும் எனக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் ஒரு பரிதாபம் வந்தது, நம் கேத்தியின் பெயரை எந்த நோய்க்கும் வைத்துவிடாமல் இருக்க வேண்டும்.

கட்டுரை எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. அடுத்த தடவை பனிக்காலம் என்று எழுதும்போது எந்த ஊரில், எத்தனை டிகிரிக்கு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அவர் இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரட்டும், கூட்டைக் காட்டுகிறேன். காலை ஆறரைக்கு வந்தால்தான் சரியாக இருக்கும், கம்பளி கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கேத்தி பாலாடா, நீலகிரி.

பின்குறிப்பு: அந்த நீலத் தார்ப்பாய் வீணாகவில்லை. ஓடைப் பக்கத்துப் பழைய கூட்டைப் பிரித்துவிட்டு, அந்த இடத்தில் விறகு அடுக்கி மேலே அதைத்தான் போட்டு மூடியிருக்கிறோம்.